டீமனா டேமனா, இண்டெக்ஸஸா இண்டிசீஸா? மூன்று வழிகள், ஒரு ஒப்பீடு

கணினி வேலையில் தினமும் வாயில் வரும் சொற்களில் ஏராளமானவை லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்தவை. டேட்டா, இண்டெக்ஸ், ஸ்கீமா (தரவுத்தளத்தின் அமைப்பு வரைவு), மேட்ரிக்ஸ், டீமன் (பின்னணியில் தானே ஓடும் நிரல்), வைரஸ், கிகா, கூபர்நெட்டீஸ் (நிரல்களைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் மென்பொருள்). இவற்றை எப்படி உச்சரிப்பது, பன்மை என்ன, எழுத்துக்கூட்டல் எது என்று ஒரு டீமில் கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், நாலு பேரிடமும் ஒரு நியாயம் இருக்கும். ஆவணம் எழுதுகிறவரும் வகுப்பெடுக்கிறவரும் இதில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கடி. ஆங்கிலத்தில் டி-ஏ-இ-எம்-ஓ-என் என்று எழுதிவிட்டால் போதும், வாசிப்பவர் அவரவர் பழக்கப்படி சொல்லிக்கொள்வார். தமிழ் எழுத்தில் அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. டீ போடுவதா டே போடுவதா என்று எழுதுகிறவரே முடிவு செய்தாக வேண்டும்.

நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மூல மொழியில் எப்படியோ அப்படியே போவது ஒன்று, அதை வேர் வழி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் தன் இயல்புப்படி மாற்றிக்கொண்டதை ஏற்பது இரண்டாவது, ஆங்கில வழி. அந்தப் பொருளை உருவாக்கியவர்களும் அன்றாடம் கையாள்கிறவர்களும் சொல்வதைச் சொல்வது மூன்றாவது, புழங்குவோர் வழி.

## எதை வைத்து அளப்பது

எனக்கு முதல் அளவுகோல், கேட்கிறவருக்கு அந்த நொடியே புரிகிறதா என்பது. சொல்லைக் கேட்டதும் "எதைச் சொல்கிறார்?" என்று ஒருவர் யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த இரண்டு வாக்கியங்கள் அவர் காதில் விழாது.

இரண்டாவது, தேடினால் கிடைக்குமா. கோடில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆவணத்தில் வேறு எழுத்துக்கூட்டல் என்றால் தேடுபொறி இரண்டையும் சேர்த்துக் காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை, எடிட்டரில் தேடினால் நிச்சயம் காட்டாது. மூன்றாவது, "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறதா. கடைசியாக, ஐந்து பேர் சேர்ந்து எழுதும் ஐம்பது பக்க ஆவணத்தில் அந்த வழி கடைசி வரை தாங்குமா. ஒருவருக்கு மட்டும் தெரிந்த இலக்கணம் டீமில் தாங்காது.

## வேர் வழி: லத்தீன்போல, கிரேக்கம்போல

இதன் கவர்ச்சி புரிகிறது. மூலத்துக்கே போய்விட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் போய்ப் பார்த்தால் அங்கே ஒரே மூலம் இல்லை. வெர்டெக்ஸின் (உருவத்தின் முனைப்புள்ளி) பன்மையை சிசரோ காலத்து லத்தீனில் சொன்னால் "வெர்திகேஸ்", அதே சொல்லை ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீனில் சொன்னால் "வெர்திச்சேஸ்". கிரேக்கத்திலும் இதே கதைதான். கூபர்நெட்டீஸ் என்ற பெயர் கிரேக்கத்தில் கப்பலின் சுக்கான் பிடிக்கும் மீகாமனைக் குறிக்கும் சொல், 1948-இல் நார்பர்ட் வீனர் பிரபலப்படுத்திய சைபர்னெட்டிக்ஸும் அதே வேர்தான். பழைய கிரேக்கத்தில் அது ஏறத்தாழ "குபெர்னேதேஸ்". இன்றைக்கு ஏதென்ஸில் கேட்டால் "கிவெர்நீதிஸ்". எதை மூலம் என்பது?

டேட்டாவையும் பாருங்கள். டேட்டா சரியா டாட்டா சரியா என்று வாதம் நடக்கும்போது டாட்டாதான் லத்தீனுக்கு நெருக்கம் என்பார்கள். லத்தீனில் அந்த முதல் அகரம் குறில், "தத்தா" என்பதுபோல வரும். ஆக இரண்டு கட்சியும் லத்தீனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு அரைகுறை அறிவு. அஸ் என்று முடிந்தால் ஐ, எக்ஸ் என்று முடிந்தால் இசீஸ் என்று ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றிலும் பூசுவது. வைரஸுக்கு "வைரை" என்று பன்மை போடுகிறார்கள். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு, கொழகொழப்பான திரவம். தண்ணீர் மாதிரி எண்ண முடியாத பெயராகத்தான் அது வழங்கியது, அதற்குப் பழைய இலக்கியத்தில் பன்மையே பதிவாகவில்லை. "விரி" என்று ஒரு லத்தீன் சொல் உண்டு, அதற்குப் பொருள் ஆண்கள். ஸ்டேட்டஸின் லத்தீன் பன்மை ஸ்டேட்டை அல்ல. அது வேறு வகைப்பாட்டுச் சொல், பன்மையிலும் எழுத்து மாறாது, கடைசி உயிர் மட்டும் நீளும். கார்ப்பஸ் (மொழித் தரவுத் தொகுப்பு) இன்னொரு வகை, அதன் பன்மை கார்ப்போரா, "கார்ப்பை" என்று ஒன்று எந்தக் காலத்திலும் இல்லை. கணினிக்குள் தரவைக் கடத்தும் பஸ் இருக்கிறதே, அது ஆம்னிபஸ் என்பதன் வால். "எல்லோருக்கும்" என்று பொருள்படும் லத்தீன் பன்மை வேற்றுமைச் சொல்லின் வெறும் விகுதி அது. அதற்கு லத்தீன் பன்மை தேடுவதில் பொருளே இல்லை. நிரலில் பூட்டுபோல் இயங்கும் மியூடெக்ஸ் லத்தீனே அல்ல, மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன் என்பதைச் சுருக்கி ஒட்டியது. அதை "மியூடிசீஸ்" ஆக்கினால் இல்லாத வேரைக் கொடுத்ததாகிவிடும்.

பன்மையிலிருந்து பின்னால் நடந்து இல்லாத ஒருமையைக் கண்டுபிடிப்பதும் இதே நோய்தான்: வெர்டிசீஸ் என்று கேட்டுவிட்டு "ஒரு வெர்டிசி", மேட்ரிசீஸ் என்று கேட்டுவிட்டு "ஒரு மேட்ரிசி". கிராபிக்ஸ் படிக்கிற மாணவர்களிடம் இதை அடிக்கடி கேட்கலாம். வெர்டெக்ஸ், மேட்ரிக்ஸ் என்பவைதான் ஒருமை.

அப்படியானால் இந்த வழிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. கணிதத்தை ஒட்டிய துறைகளில் பழைய பன்மை ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. மேட்ரிசீஸ், வெர்டிசீஸ், ஆட்டோமேட்டா, மொழிக் கணிமையில் கார்ப்போரா. இங்கே மேட்ரிக்ஸஸ் என்று எழுதினால் அகராதி மன்னிக்கும், ஆனால் ஆய்வுக் கட்டுரையைத் திருத்துகிறவர் சுழித்துவிடுவார். அங்கேகூட நாம் எடுத்துக்கொள்வது பழைய எழுத்துக்கூட்டலை மட்டும்தான், உச்சரிப்பு முழுக்க ஆங்கிலம். யாரும் வெர்திகேஸ் என்பதில்லை.

இன்னொரு பயன், என்னைப் பொறுத்தவரை இதுதான் உண்மையான பயன்: இஸ் என்று முடியும் கிரேக்க, லத்தீன் சொற்களின் ஒருமை பன்மையைக் காதால் பிரித்தறியலாம். பெரன்தசிஸ் ஒருமை, பெரன்தசீஸ் பன்மை. அனாலிசிஸ், அனாலிசீஸ். பைத்தானில் வரைபடம் போட மேட்பிளாட்லிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வாழ்வா சாவா விஷயம். அதில் ஆக்ஸிஸ் என்றால் ஒற்றை அச்சு, ஆக்ஸீஸ் என்றால் வரைபடம் முழுவதும் விழும் பரப்பு. இரண்டும் தனித்தனிப் பொருள்கள். குறிலையும் நெடிலையும் குழப்பினால் எதிரில் இருப்பவர் தப்பான பொருளில் கை வைப்பார். குறில் நெடில் பிரித்துக் கேட்டே வளர்ந்த காதுக்கு இது சிரமமான காரியம் அல்ல.

## ஆங்கில வழி: அகராதி சொன்னபடி

பெரும்பாலான பொதுச் சொற்களுக்கு இதுவே போதும். இண்டெக்ஸஸ், ஸ்கீமாஸ், ஃபார்முலாஸ், வைரஸஸ், ஸ்டேட்டஸஸ். யாருக்கும் புரியாமல் போகாது, யாரும் பரீட்சை வைப்பதுபோல உணரவும் மாட்டார்கள். டேட்டாவை ஒருமையாக நடத்துவதும் இதில்தான் சேரும். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் எழுத்து வழிகாட்டிகளும் தொழில்நுட்ப ஆவணத்தில் அதை ஒருமையாகவே எழுதச் சொல்கின்றன. அறிவியல் ஆய்விதழுக்கு எழுதினால் மட்டும் பன்மையா என்று அந்த இதழின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீமனுக்கும் ஆங்கில வழியிலேயே தெளிவான விடை இருக்கிறது. அந்த ஏ-இ ஜோடி லத்தீனில் "ஐ" என்று ஒலித்தது, ஆங்கிலத்துக்கு வந்தபோது "ஈ" ஆனது. சீசர், என்சைக்ளோபீடியா எல்லாம் அப்படி வந்தவைதான். அதனால் டீமன். டேமன் என்பது லத்தீனும் அல்ல, ஆங்கில மரபும் அல்ல, எழுத்தைப் பார்த்து வாசித்ததில் பிறந்தது, இன்று அகராதிகளிலும் ஏறிவிட்டது. அந்தச் சொல் கணினிக்கு வந்தது 1963-இல் எம்.ஐ.டி.யின் ப்ராஜெக்ட் மேக் குழுவினரால். மூலக்கூறுகளைப் பிரித்துத் தள்ளும் மேக்ஸ்வெல்லின் டீமன் என்ற இயற்பியல் கற்பனைதான் அவர்களுக்குத் தூண்டுதல் என்று அந்தக் குழுவின் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவே சொல்லியிருக்கிறார். டிஸ்க் அண்ட் எக்ஸிக்யூஷன் மானிட்டர் என்று விரித்துச் சொல்லித்தருவது பிற்பாடு ஒட்டவைத்த விளக்கம், வகுப்பில் அதைச் சொல்லாமல் விடுங்கள்.

மறைமுகச் செலவு? ஆங்கிலம் ஒன்றல்ல என்பதுதான். ரூட்டர் என்று லண்டனில் சொன்னால் ரௌட்டர் என்று நியூயார்க்கில் சொல்வார்கள். கிகாவில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கிரேக்கத்தில் அது அரக்கனைக் குறிக்கும் சொல், அதே வேரிலிருந்து வந்த ஜயன்ட்டை நாம் ஜ போட்டுத்தான் சொல்கிறோம், ஜைகான்டிக் என்பதும் அப்படியே. அந்தக் கணக்கில் ஜிகா என்பதற்கு ஆங்கில விதியின் ஆதரவு முழுக்க உண்டு, ஒரு காலத்தில் அமெரிக்க அகராதிகள் அதைச் சொல்லவும் செய்தன. ஆனால் இன்றைக்கு உலகம் முழுக்க ஒலிப்பது கிகாதான். விதி ஒருபக்கம், வழக்கம் மறுபக்கம் என்று பிரியும்போது அகராதி நமக்குத் தீர்ப்புச் சொல்லாது, இரண்டையும் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிவிடும்.

## புழங்குவோர் வழி: ஆக்கியவர், கையாள்பவர்

பெயர்ச்சொற்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. டானல்ட் க்னூத் தன் அச்சுக்கோர்ப்பு நிரலுக்கு டெக் என்று பெயர் வைத்தார். கடைசியில் எக்ஸ் மாதிரி தெரியும் எழுத்து கிரேக்கத்தின் "கை" (Chi) என்ற எழுத்து, கலை, கைவினை என்று பொருள்படும் தெக்னே என்ற சொல்லிலிருந்து எடுத்தது என்று அவரே விளக்கினார். "டெக்ஸ்" என்று சொன்னால் அந்த வட்டத்தில் உடனே திருத்துவார்கள். அதே "கை" என்ற எழுத்துதான் ஆய்வுக் கட்டுரைகள் ஏற்றும் ஆர்கைவ் தளத்தின் பெயரிலும் எக்ஸ் வேஷத்தில் நிற்கிறது. ஆனால் டெக்கின் மேல் லாடெக்கைக் கட்டிய லெஸ்லி லாம்போர்ட் இதற்கு நேர்மாறு: லாடெக், லேடெக், ஏன் லேடெக்ஸ்கூட இருக்கலாம் என்று வாசலைத் திறந்தே வைத்துவிட்டார். ஆக்கியவரே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் சண்டை போடத் தேவையில்லை.

சில சமயம் ஆக்கியவர்களின் தீர்ப்பு வேருக்கு எதிராகவே போகும். கேரக்டர் கிரேக்கச் சொல், அதில் வருவது க ஒலி. ஆனால் சி பிளஸ் பிளஸ்ஸில் அதன் சுருக்கமான வகைப் பெயரைப் பெரும்பாலும் "சார்" என்றுதான் சொல்கிறார்கள், "கார்" என்றல்ல என்று பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் எழுதியிருக்கிறார். இந்த விஷயத்தில் ஆங்கில உச்சரிப்பிடம் தர்க்கம் எதிர்பார்க்கக் கூடாது என்பதும் அவர் கட்சிதான்.

இந்த வழியின் செலவு, வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுவது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ்களைப் பட்டியலிடும் உள்ளமைந்த பார்வையின் பெயரிலேயே இண்டெக்ஸஸ் என்றுதான் இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளுக்குப் போனால் முகவரியிலும் ஆவணத்திலும் இண்டிசீஸ். அதைவிட வேடிக்கை ஸ்கீமா. தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.லின் தரநிலை தகவல் அட்டவணைக்கு ஸ்கீமாட்டா என்று கிரேக்கப் பன்மையில் பெயர் வைத்திருக்கிறது, அதே போஸ்ட்கிரெஸின் கட்டளை வரியில் பட்டியல் கேட்டால் தலைப்பு ஸ்கீமாஸ் என்று வரும். இரண்டும் ஒரே தரவுத்தளத்துக்குள். இதில் தப்பு ஏதும் இல்லை, ஆனால் புதிதாக வருகிறவர் இரண்டும் வெவ்வேறு பொருள் என்று நினைத்துவிடுவார், அதை ஆவணத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

ஆக்கியவர் சொன்னாலும் உலகம் கேட்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஃப் வடிவத்தை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட் 2013-இல் விருது மேடையிலேயே ஜ-தான் என்று அறிவித்தார், பாதிப் பேர் இன்னும் கிஃப் என்றுதான் சொல்கிறார்கள், அவர்களை இனி மாற்ற முடியாது.

## ஒரே பார்வையில்

| சொல் | வேர் வழி | ஆங்கில வழி | புழங்குவோர் | என் தேர்வு |
|---|---|---|---|---|
| டீமன் | டைமோன் | டீமன் | டீமன், டேமன் | டீமன் |
| டேட்டா | தத்தா | டேட்டா | டேட்டா, டாட்டா | டேட்டா, ஒருமையாக |
| இண்டெக்ஸ் பன்மை | இந்திகேஸ் | இண்டெக்ஸஸ் | மென்பொருளுக்கு ஏற்ப | அந்த மென்பொருள் சொல்வது, இல்லையேல் இண்டெக்ஸஸ் |
| வெர்டெக்ஸ் பன்மை | வெர்திகேஸ் | வெர்டெக்ஸஸ், வெர்டிசீஸ் | வெர்டிசீஸ் | வெர்டிசீஸ் |
| வைரஸ் பன்மை | பதிவில்லை | வைரஸஸ் | வைரஸஸ் | வைரஸஸ் |
| கூபர்நெட்டீஸ் | குபெர்னேதேஸ் | தனியாக இல்லை | கூபர்நெட்டீஸ் | கூபர்நெட்டீஸ் |

## எழுத்துக்கூட்டலில் கோடுக்குத்தான் முதல் மரியாதை

உச்சரிப்பில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், எழுத்துக்கூட்டலில் முடியாது. இந்தியாவில் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், கோடில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கம். சீரியலைஸ், நார்மலைஸ், இனிஷியலைஸ் என்ற சொற்களில் எஸ் போடுவதா ஜெட் போடுவதா என்று கேட்டால் ஜெட் போடுங்கள் என்பேன், காரணம் அமெரிக்கா அல்ல. அந்த விகுதி கிரேக்கத்தின் ஜெட் ஒலியுள்ள விகுதியிலிருந்தே வந்தது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதனால்தான் ஜெட்டை விடாமல் வைத்திருக்கிறது. வேரும் கோடும் ஒரே பக்கம் நிற்கும்போது தயங்குவானேன். அனலைஸ் மட்டும் விதிவிலக்கு, அதில் அந்த விகுதி இல்லை, அனாலிசிஸிலிருந்து நேராக வந்தது. அங்கே பிரிட்டிஷ் எஸ்ஸுக்கு வேர் சார்பாக நியாயம் உண்டு, ஆனாலும் உங்கள் ஃபங்ஷன் பெயரில் ஜெட் இருந்தால் ஆவணத்திலும் ஜெட்டே இருக்கட்டும்.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் யூ இல்லாமல் எழுதும் கலர், லத்தீன் எழுத்துக்கூட்டலோடு அப்படியே பொருந்துகிறது. அந்த யூ பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டியது. டிஸ்க்கில் கே என்றால் காந்தத் தட்டு, சி என்றால் ஒளித் தட்டு என்ற பிரிவினை நிலைத்துவிட்டது, மூலம் இரண்டுக்கும் ஒன்றே. புரோகிராம் விஷயம் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலேயே தீர்ந்த வழக்கு: கணினி நிரலுக்குக் குட்டையான எழுத்துக்கூட்டல், விழா நிகழ்ச்சிக்கு நீளமானது.

அல்காரிதத்தில் மட்டும் யாராவது கிரேக்க வேர் சொன்னால் நம்பாதீர்கள். அது ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயர், லத்தீனில் அல்காரித்மி ஆனது. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அரித்மோஸோடு குழப்பிக்கொண்டதில் நடுவே அந்த டி-ஹெச் நுழைந்துவிட்டது.

## யாருக்கு எது

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்களா, பழைய பன்மைகளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் துறையில் ஏற்கெனவே அச்சில் பார்த்தவற்றை மட்டும். மென்பொருள் ஆவணம் என்றால் அந்த மென்பொருளின் சொல்லே சொல், அது எதையும் சொல்லாத இடத்தில் ஆங்கில வழி. வாடிக்கையாளருடன் பேசும்போது அவர் டேமன் என்றால் நீங்களும் அந்தக் கூட்டம் முடியும்வரை டேமன் என்றே சொல்லுங்கள், அங்கே திருத்துவதால் யாருக்கும் லாபமில்லை. நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வகுப்பெடுக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பழகுவது முப்பது வருஷம் கூடவே வரும். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் 8085 மைக்ரோபிராசசர் ஆய்வகத்தில் நிமானிக்ஸை (கட்டளைகளின் சுருக்கப் பெயர்களை) "நியூமானிக்ஸ்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நினைவு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது, முதல் எம் ஆங்கிலத்தில் ஒலிக்காது, அவ்வளவுதான். நியூமானிக் என்று வேறு ஒரு சொல் நிஜமாகவே இருக்கிறது, அது நுரையீரல் சம்பந்தப்பட்டது. இரண்டு நிமிடம் செலவழித்துப் பலகையில் எழுதிக் காட்டினால் முழு வகுப்புக்கும் தீர்ந்துவிடும் விஷயம்.

## தமிழில் எழுதும்போது

இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. பன்மைக்கு நம்மிடம் கள் இருக்கிறது. ஆங்கில ஒருமையை எடுத்துக் கள் சேருங்கள்: இண்டெக்ஸ்கள், மேட்ரிக்ஸ்கள், ஸ்கீமாக்கள், வெர்டெக்ஸ்கள். லத்தீனா ஆங்கிலமா என்ற கேள்வியே எழாது. இண்டிசீஸ்கள், க்ரைட்டீரியாக்கள் என்று பன்மைக்கு மேல் பன்மை ஏற்றாதீர்கள். டேட்டா ஏற்கெனவே தொகுதிப் பெயராகிவிட்டது, அதற்குக் கள் வேண்டாம், எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் தரவுகள் என்றால் சுகமாக வரும்.

உச்சரிப்பில் மேலே சொன்னபடி கேட்கிற ஒலியை எழுதுங்கள், ஆனால் கிகாவை மட்டும் கவனியுங்கள். தமிழில் அதை எழுதினால் முதல் எழுத்து கிளியின் கி-யா கிஃப்ட்டின் கி-யா என்று எழுத்து காட்டாது. ஜிகாபைட் என்று எழுதினால் குழப்பம் இல்லை, ஆனால் இன்றைய வழக்கிலிருந்து விலகிப் போகும். செய்திக்கோ விளம்பரத்துக்கோ எழுதினால் ஜிபி என்றே எழுதிவிடுங்கள், மக்கள் ரீசார்ஜ் கடையில் கேட்பது அப்படித்தான். பாடப் புத்தகத்துக்கு எழுதுகிறவர்கள் கிகாபைட் என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் "கிஃப்ட்டில் வரும் கி" என்று ஒரு குறிப்புச் சேர்த்துவிடலாம், அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை அதையே எழுதலாம்.